சாலைக்குப் போட்ட மண் யார் வீட்டு வாசலில்?

மழை பெய்த மறுநாள், நம் மாவட்டத்தில் நான்குவழிச் சாலைக்காக மண் கொட்டி உயர்த்தியிருக்கும் ஏதாவது ஓர் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கரையின் சரிவில் கோடு கோடாக மண் கீறியிருக்கும். மேலே விரல் தடிமனில் தொடங்கும் கீறல், கீழே வரும்போது முழங்கால் ஆழப் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் இருந்த மண் எங்கே போனது? கொஞ்சம் சிறுபாலத்தின் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. கொஞ்சம் வாய்க்காலில். கொஞ்சம் வயலில். மிச்சம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனியின் தெருவிலும் வீட்டு நடையிலும் கிணற்றிலும்.

இதற்கு அரசு அலுவலகங்களில் ‘மழைச் சேதம்’ என்று பெயர். மழை மேல் பழியைப் போட்டுவிட்டால் அதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலனிகளில் மக்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். “மழ வந்தா வெள்ளம் வரும், அது எங்களுக்குத் தெரியாததா? இது வெள்ளமில்ல தம்பி, அவியளுக்க ரோட்டு மண்ணு.” இந்த இரண்டு பேச்சில் எது சரி என்பதைப் பற்றித்தான் இந்த வாரம்.

தலித் பிரச்சினை பேசும் பத்தியில் மண்ணரிப்புக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சாதி என்றால் தேநீர்க் கடை, கோயில் வாசல், சுடுகாட்டுப் பாதை என்று ஒரு பட்டியல் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. அந்தப் பட்டியல் பொய்யில்லை. ஆனால் சாதி முதலில் எழுதப்பட்டது நிலத்தின் மட்டத்தில்தான். மேட்டில் யார், பள்ளத்தில் யார் என்பது அது.

நாஞ்சில் நாட்டில் மடைத் தலைப்பில் யாருக்கு வயல், கடைமடையில் யாருக்குக் குடிசை என்பது தலைமுறை தலைமுறையாக வந்த கணக்கு. அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: இங்கே நிலம் கைமாறியதுபோல ஆட்களும் கைமாறியிருக்கிறார்கள், அதற்கும் ஆவணம் எழுதியிருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த அன்று, அடிமையாக இருந்தவருக்கு ஒரு சென்ட் நிலமும் கொடுக்கவில்லை. உடையவன் நிலத்தை விட்டு வெளியேறியவர் எங்கே போய் நிற்பார்? வாய்க்கால் கரையில், குளத்துப் புறம்போக்கில், வயலை ஒட்டிய தாழ்ந்த இடத்தில். பின்னாளில் அரசு இலவச மனைப்பட்டா கொடுத்தபோதும், தொகுப்பு வீடு கட்டியபோதும் வாங்கிய நிலம் பெரும்பாலும் அந்த ஊரில் விலை குறைந்த நிலம். விலை ஏன் குறைவு? தண்ணீர் நிற்கும் நிலம் என்பதால்.

ஆகவே இந்த மாவட்டத்தில் மேட்டில் எவர் எதைத் தோண்டினாலும், எதைக் கொட்டினாலும், அது இறங்கி வந்து சேரும் முகவரி ஒன்றாகவே இருக்கிறது. எந்த ஒப்பந்ததாரரும் காலனியைப் பார்த்து மண்ணைத் திருப்பிவிடுவதில்லை. திருப்பிவிட வேண்டிய அவசியமே இல்லாதபடி ஊர் ஏற்கனவே அமைந்திருக்கிறது.

இப்போது சாலைக்கு வருவோம். காரோட்டிலிருந்து வில்லுக்குறி வழியாகக் கன்னியாகுமரி வரையும், நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு வரையும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. நான் இந்தச் சாலை வேண்டாம் என்பவன் இல்லை. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் தாண்டுவதற்குள் ஆம்புலன்ஸில் உயிர் ஊசலாடுவதைப் பார்த்தவர்கள், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியைக் கொண்டுபோனவர்கள் யாரும் சாலை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் சாலை போகிற தடம் எப்படிப்பட்டது? பழைய சாலையை விட்டு விலகி, ஊர்களுக்குப் புறத்தே, வயல்களையும் குளங்களையும் வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்த மாவட்டம் இது. ஒரு குளம் நிரம்பி மறுகால் போனால் அடுத்த குளம், அது நிரம்பினால் அதற்கடுத்தது. இந்தச் சங்கிலியின் குறுக்கே மண் மேடு போடும்போது ஓர் இடத்தில் அடைத்தால் பத்து இடத்தில் தெரியும். அதனால்தான் குளங்களுக்குள் மண் அடிக்காதே, தூண் வைத்துப் பாலமாகக் கட்டு என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். சில இடங்களில் பலன் கிடைத்தது, பல இடங்களில் கிடைக்கவில்லை.

வேலை தொடங்கியது, நின்றது, ஒப்பந்தம் கைமாறி மறுபடி தொடங்கியது. கரை போட மண் கிடைக்கவில்லை என்று தாமதத்துக்குக் காரணம் சொன்னார்கள். மண்ணுக்கு அவ்வளவு தட்டுப்பாடாம். ஆனால் கொண்டுவந்து கொட்டிய மண் மழையில் கரைந்து வாய்க்காலில் போவதைத் தடுக்க நாலு கம்பும் துணியும் ஊன்றியவர் எத்தனை பேர்? வேலை நின்ற ஆண்டுகளைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. பாதியில் விடப்பட்ட கரைகள் பல இடங்களில் கல்லும் பதிக்காமல், புல்லும் வளர்க்காமல் திறந்து கிடந்தன. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. 2021 நவம்பரில் மாவட்டமே மிதந்த மழை. இரணியல், குழித்துறைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றது நினைவிருக்கும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை அடித்த வெள்ளம். ரயில் நின்றால் செய்தி. காலனியின் ஓடை அடைந்தால் அது செய்தியாவதில்லை.

மண் எப்படி நகர்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், குறிப்பாக மாணவர்களுக்காக. நம் செம்மண்ணும் சரல்மண்ணும் குன்றில் இருக்கும்வரை கெட்டியாக இருக்கும். மேலே புல், வேர், சருகு. மழைத்துளி சருகில் விழுந்து வேகம் இழந்து கீழே இறங்கும். ஜேசிபி வந்து அந்தத் தோலை உரித்து, மண்ணை உடைத்து, டிப்பரில் ஏற்றி இன்னோர் இடத்தில் கொட்டிய பிறகு அது பழைய மண் கிடையாது. நேராக விழும் ஒவ்வொரு துளியும் அதில் ஒரு சிறு குண்டு மாதிரி வெடித்துத் துகளைக் கிளப்பும். துகள் நீரோடு சேர்ந்து ஓடும். சரிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகம். வேகம் கூடினால் கீறல். கீறல்கள் சேர்ந்தால் ஓடை. கனமான மணல் முதலில் படியும், அதனால் சிறுபாலம் முதலில் அடையும். அடுத்து நைசான வண்டல் வாய்க்காலில் படியும். களிமண் துகள் எங்கும் படியாமல் நாள்கணக்கில் மிதந்தே போகும். உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சிவப்பாக்குவது அதுதான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்குச் சொல்கிறது. கட்டுமான இடத்திலிருந்து மழையில் வெளியேறும் மண், அதே அளவு பயிர் நிலத்திலிருந்து போவதைப்போல 10 முதல் 20 மடங்கு. காட்டிலிருந்து போவதைப்போல 1,000 முதல் 2,000 மடங்கு. காட்டை அழித்தால் மண் போகும் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். ரோடு போடுகிற இடத்தில் அதைவிடப் போகும் என்று சொல்லித் தரவில்லை.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. மதுரைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. நமக்கு இடவப்பாதிக்குத் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் உண்டு, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கும் வந்துவிடும். வெறும் மண்ணைத் திறந்து வைத்திருக்க நம்மிடம் இருக்கும் காய்ந்த காலம் தை முதல் சித்திரை வரை, சில மாதம்தான். வயல்காரர்கள் இந்தக் காலக்கணக்கை வைத்துத்தான் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விதைத்தார்கள். மண் வேலைக்கும் அதே காலக்கணக்கு வேண்டாமா? எப்போது பணம் வருகிறதோ அப்போது வெட்டுகிறார்கள், எப்போது டிப்பர் கிடைக்கிறதோ அப்போது கொட்டுகிறார்கள்.

இதையெல்லாம் தடுக்கச் சட்டமோ விதியோ இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சாலை, பாலப் பணிகளுக்கென்று ஒரு தடித்த விவரக்குறிப்பு நூல் வைத்திருக்கிறது. ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தது. தேசிய நெடுஞ்சாலை வேலை எதுவானாலும் ஒப்பந்ததாரருக்கு அதுதான் வேதம். அதில் 306-ஆம் பிரிவின் தலைப்பே ‘மண்ணரிப்பு, வண்டல் கட்டுப்பாடு’. அந்தப் பிரிவின் சாரம் இது: மண்ணைத் திறந்து போடும் பரப்பை முடிந்தவரை குறைக்க வேண்டும். பக்கத்து நிலங்களுக்குச் சேதம் வராமலும், ஓடை, குளம், நீர்த்தேக்கங்கள் கெடாமலும் இருக்கத் தற்காலிக ஏற்பாடும் நிரந்தர ஏற்பாடும் செய்ய வேண்டும். கரையின் மேல் விளிம்பில் வரப்பு, நீரை இறக்கிவிட வழி, வண்டல் படிவதற்குக் குழி, சரிவில் விரிப்பு, புல் விதைப்பு என்று வழிமுறைகளும் அதிலேயே இருக்கின்றன. ஒப்பந்ததாரரின் அலட்சியத்தால் தேவைப்படும் சீரமைப்பை அவர் தன் செலவில் செய்ய வேண்டும்.

பக்கத்து நிலங்கள் என்கிறது அந்தப் பிரிவு. பக்கத்து நிலம் யாருடையது, பட்டா இருக்கிறதா, புறம்போக்கா என்று அது கேட்கவில்லை. இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஏனென்றால் புகார் சொல்லப் போன நம் ஆட்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, “உங்க வீட்டுக்குப் பட்டா இருக்கா?”

இந்த வேலைகள் ராக்கெட் விடுவது போன்றவை அல்ல. கரையின் அடியில் கம்பு ஊன்றி, ஒரு துணியை நீளமாகக் கட்டி, துணியின் அடிப்பகுதியை அரை அடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். நீர் துணி வழியாகக் கசியும், மண் இந்தப் பக்கம் தங்கும். அடியைப் புதைக்காமல் கட்டினால் தண்ணீர் கீழே நுழைந்து போய்விடும், அது வெறும் படம் பிடிக்கக் கட்டிய துணி. சரிவில் விரிப்பதற்குத் தென்னைநார் வலை இருக்கிறது. கயிறு வாரியம் இதைப் ‘பூவஸ்திரா’ என்று பெயரிட்டு ஊக்குவிக்கிறது, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரக்குறிப்பும் இதற்கு இருக்கிறது. ஒன்றிரண்டு மழைக்காலம் மண்ணைப் பிடித்து வைத்து, அதற்குள் புல் வேர்விட்டதும் மக்கிப்போகும். தேங்காய்க்கும் கயிற்றுக்கும் பேர் போன கரையில் உட்கார்ந்துகொண்டு நாம் இதற்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. தொண்டு போட்டுக் கயிறு திரித்த பெண்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். சாலைக் கரை மழையில் கரைகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு அதிகாரிக்கு ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய்வந்த பையன்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘ஈசிஎம்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மண் கட்டுப்பாட்டு ஏற்பாட்டுக்கு அங்கே அந்தப் பெயர். அந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்காமல் தோண்ட விட மாட்டார்கள். கட்டுமான இடத்திலிருந்து பொது வடிகாலில் விடும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண் துகள் இருக்கக்கூடாது. வெளியேறும் வாயில் கேமரா வைத்து, கலங்கல் தெரிகிறதா என்று பொதுப் பயனீட்டுக் கழகம் கண்காணிக்கிறது. மீறினால் வழக்கு, அபராதம். அங்கேயும் வெயில், அங்கேயும் ஆண்டு முழுக்க மழை. அங்கே துணி கட்டி, வண்டல் தொட்டியைச் சுத்தம் செய்யும் கைகளில் நம் பையன்களின் கைகளும் உண்டு. அதே பையன் லீவில் ஊருக்கு வந்தால், தன் அம்மா முற்றத்தில் மண்வெட்டியோடு நின்று சேறு வாரிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். வேலை தெரிந்த ஆள் இல்லை என்று நம்மிடம் யாரும் சொல்ல முடியாது.

சேறு வாருவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். வாய்க்காலில் இறங்கிய மண்ணை வாருவது யார்? நூறு நாள் வேலையில் பெரும்பாலும் நம் பெண்கள். ஊருக்குள் ஓடையில் படிந்தால் தூய்மைப் பணியாளர்கள், அவர்களும் நம் ஆட்கள். தனியார் ஒருவரின் லாபக் கணக்கில் போக வேண்டிய செலவு, அரசின் பணத்தில், மிகக் குறைந்த கூலியில், நம் முதுகில் இறங்குகிறது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் தூர்வாரும் திட்டம் திரும்ப வந்தபோது பலர் பெருமைப்பட்டார்கள். தூர்வாருவது நல்லது. ஆனால் ஒரு பக்கம் கொட்டிக்கொண்டே இருந்தால் மறுபக்கம் எத்தனை ஆண்டு வாருவது? வரும் மண்ணை மேலேயே நிறுத்தாமல் கீழே வாருகிற வேலைக்கு முடிவே கிடையாது. ஒருவேளை சிலருக்கு அந்த முடிவில்லாமைதான் வசதியோ என்னவோ.

வாரிய சேற்றை எங்கே போடுகிறார்கள் என்றும் பாருங்கள். கரையில் குவிப்பார்கள். கரையில் இருப்பது நம் வீடு. அடுத்த மழையில் பாதி வாய்க்காலுக்குத் திரும்பிப் போகும், பாதி வீட்டுக்குள் வரும்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் ஊருக்குள் ஏறினால், வெள்ளத்துக்குக் காரணம் ஆக்கிரமிப்பு என்று அறிக்கை வரும். தமிழ்நாட்டில் ஏரி, குளங்களைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் ஒரு சட்டம் வந்தது. நல்ல நோக்கம் கொண்ட சட்டம். நோட்டீஸ் முதலில் ஒட்டப்படுவது யார் கதவில்? தோவாளைச் சானல், அனந்தனார் சானல், புத்தனார் சானல் என்று எந்தக் கரையில் நடந்தாலும், போவதற்கு வேறு இடமில்லாமல் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களைப் பார்க்கலாம். ஒன்றரை சென்ட் குடிசை நீரோட்டத்தைத் தடுத்ததா, நூற்றுக்கணக்கான டிப்பர் மண் தடுத்ததா என்று அளந்து பார்த்த அறிக்கை எதையும் நான் பார்த்ததில்லை. நீர்நிலையைக் காக்க வேண்டும் என்று முதலில் குரல் கொடுப்பவன் நானாக இருப்பேன். ஆனால் காலனியைக் காலி செய்துவிட்டு, மண் கொட்டுபவரை விட்டுவைக்கும் நீர்நிலைப் பாதுகாப்பில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

நெடுஞ்சாலை பெரிய விஷயம், கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை சிறிய இடங்கள். வயலை வாங்கிச் செம்மண் அடித்துப் பிளாட் போடுகிறார்கள். நேற்றுவரை காலனியும் வயலும் ஒரே மட்டம். இன்று பக்கத்து மனை நாலடி உயரம். காலனி ஒரே இரவில் குழியாகிவிடுகிறது. பழைய வீடுகளை ஒட்டி ஓடிய சிறு ஓடை, வரைபடத்தில் இல்லை என்ற காரணத்தால் மண்ணுக்குள் போய்விடும். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான் மத்திய அரசின் 2006 அறிவிப்புப்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். நம் மாவட்டத்தில் எழும்பும் வீடுகள், கடைகள், மண்டபங்களில் பெரும்பாலானவை அந்த அளவை எட்டுவதே இல்லை. ஆகவே கேட்பாரில்லை.

மண்ணைத் தாங்கிப் பிடிக்கச் சுவர் எழுப்பிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. மேட்டுப்பாளையத்தை மறந்துவிட்டோமா? 2019 டிசம்பர் 2 விடியற்காலை, நடூரில், ஏறத்தாழ 20 அடி உயரச் சுற்றுச்சுவர் தொடர்மழையில் இடிந்து அருந்ததியர் குடியிருப்பின் மேல் விழுந்தது. தூக்கத்தில் 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்றே அதை அழைத்தார்கள். நீதி கேட்டுப் போனவர்கள் மீது தடியடியும் வழக்கும். சுவர் எழுப்புகிறவருக்குத் தன் பக்கத்து மண் சரியாமல் இருந்தால் போதும். மழைநீர் ஊறி வெளியேற அடியில் துளை வைத்தாரா, அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவருடைய கவலையில் இல்லை. ஈரமண்ணின் எடை காய்ந்த மண்ணைவிட எவ்வளவோ அதிகம். தண்ணீர் வெளியேற வழி இல்லாத சுவர் ஒவ்வொரு மழையிலும் அந்த எடையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. உங்கள் ஊரில் காலனிப் பக்கம் பார்த்து நிற்கும் உயரமான சுவர்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு 3(1) பிரிவில், பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதும், அவர்களின் நிலம், நீர், பாசன வசதி மீதான உரிமையில் குறுக்கிடுவதும் குற்றங்களாக இருக்கின்றன. தெரிந்தே, திரும்பத் திரும்ப, எழுதிக் கொடுத்த பிறகும் செய்கிறவர் மீது அதைப் பயன்படுத்தத் தயங்கக்கூடாது. ஆனால் என் கருத்து, முதல் ஆயுதம் அதுவாக இருக்க வேண்டாம். வேங்கைவயலில் நடந்ததும் இதுவும் ஒன்றல்ல. அங்கே அவமானப்படுத்தும் நோக்கம் இருந்தது, இங்கே இருப்பது நம்மைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத அலட்சியம். நோக்கத்தை நிரூபிக்கப் போராடி வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது மண் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு காரணம் இந்த மாவட்டத்துக்கே உரியது. 2011 கணக்கெடுப்பில் இங்கே பட்டியல் சாதியினர் சுமார் 4 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த மாவட்டங்களில் ஒன்று. தலித்துகள் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. தலைமுறைகளுக்கு முன்பே கிறித்தவத்துக்குப் போனவர்கள் 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். ஒரே தெரு, ஒரே தாத்தாவின் பேரன்மார், இந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. மண் இரண்டு வீட்டுக்குள்ளும் ஒரே உயரத்துக்கு வருகிறது. இந்தப் பாகுபாட்டை எதிர்த்து நடக்கும் போராட்டம் தனி. அது முடியும்வரை காத்திராமல் இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து எடுக்கக்கூடிய ஆயுதம் அந்த 306-ஆம் பிரிவு. அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டாம்.

அதனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆதாரம் முதலில். கல்லூரி மாணவர்கள் இதைச் செய்யலாம். வேலை நடக்கும் இடத்துக்கு மேலே ஓடையில் ஒரு பாட்டில் தண்ணீர், கீழே ஒரு பாட்டில், ஒரே நேரத்தில், மழை நின்றதும் எடுங்கள். ஒரே அளவுள்ள வெள்ளைக் கண்ணாடி பாட்டிலாக இருக்கட்டும். தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் படிந்திருப்பதை அளவுகோல் வைத்து அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஆய்வகமே வேண்டாம். சிறுபாலத்தின் வாயை ஒவ்வொரு மழைக்கும் பிறகு ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். நான்கு படம் சேர்ந்தால் எந்தப் பொறியாளரும் ‘இது பழைய மண்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

அடுத்து, எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஒரு மனு: இந்த ஊரில் இந்தப் பகுதியில் மண்ணரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டுக்கு ஒப்பந்தத்தில் என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது, எந்தத் தேதியில் என்ன செய்யப்பட்டது, மேற்பார்வைப் பொறியாளரின் ஆய்வுக் குறிப்பு எங்கே, சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தின் நகல் எங்கே. முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு. பதில் ‘எதுவும் செய்யப்படவில்லை’ என்று வந்தால் அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. மனுவில் ‘மழையால் எங்கள் குடியிருப்பு பாதிக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் நிவாரணமாக அரிசிப் பை வரும். ‘கட்டுமான இடத்திலிருந்து வெளியேறிய மண்ணால் பாதிக்கப்பட்டது’ என்று எழுதுங்கள்.

கேட்பதில் மூன்று விஷயம் விட்டுப்போகக் கூடாது. வாய்க்காலையும் குடியிருப்பையும் ஒட்டிய கரைகளுக்கு மழைக்கு முன் தடுப்பு வேண்டும். ஏற்கனவே வந்த மண்ணை ஒப்பந்ததாரர் தன் செலவில் அகற்ற வேண்டும், நூறு நாள் வேலைக் கணக்கில் எழுதக்கூடாது. இந்தத் தடுப்பு வேலைகளைப் பராமரிக்க உள்ளூர் ஆட்களுக்கு முறையான கூலியில் வேலை தர வேண்டும். மழைக்குப் பிறகு துணியின் பின்னால் சேரும் மண்ணை அள்ளாவிட்டால் தடுப்பு ஒரு மாதம்கூட நிற்காது. அது தினசரி வேலை, தினசரி சம்பளம்.

எங்கே கேட்பது? கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராமசபை இருக்கிறது. மே 1 கூட்டம் இடவப்பாதிக்கு ஒரு மாதம் முன்பு வருகிறது, அக்டோபர் 2 கூட்டம் வடகிழக்குப் பருவத்துக்கு முன்பு வருகிறது. இந்த விஷயத்துக்கென்றே தேதி குறித்ததுபோல இருக்கிறது. தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதியதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் ஏராளம். அங்கே கிராமசபை கிடையாது. பேரூராட்சியில் இருப்பவர்கள் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம். தனித்தனியாகப் போகாதீர்கள். வயல் மண்மூடிப் போன விவசாயியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் எந்தச் சாதியானாலும் சரி. இதில் அவருக்கும் நமக்கும் ஒரே வழக்கு. பாட்டில்கள் இரண்டையும் கையோடு எடுத்துப்போய் மேசை மேல் வையுங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு தருவார்கள், எண்ணைச் சரிபார்த்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.